வராதவருக்கு வந்த முத்திரை

தணிக்கை அதிகாரி சுதார்சோ, லெங்கோ என்ற கிராமத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மார்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தார். தணிக்கைத் தாள்கள் அடங்கிய கோப்பை மட்டும் தலைக்குமேல் தூக்கி வந்ததால் அது தப்பித்தது.

"ஏம்மா, ஆத்துப் பாலம் நல்லா இருக்குன்னு இதுல எழுதியிருக்கே?" என்றார்.

எழுத்தர் மகதலேனா சிரித்துவிட்டாள். "எந்தப் புண்ணியவான் சார் எழுதினது? அது வெள்ளத்தோட போயி மூணு வருஷமாச்சு."

"உங்க மாவட்ட மன்ற உறுப்பினர் வில்ஹெல்மஸ்தான். பதினோரு தடவை நேர்ல வந்து பார்த்தாராம். பயணப்படி, தங்குற செலவு எல்லாம் மக்கள் வரிப்பணத்துலேர்ந்து வாங்கியிருக்கார். இதோ பாருங்க, வந்ததுக்கும் போனதுக்கும் உங்க ஊர் முத்திரை."

மகதலேனா தாளை வாங்கிப் பார்த்தாள். முத்திரை குத்தியது அவளேதான்.

போன ஊரின் முத்திரை பயணத்தாளில் விழுந்தால்தான் உறுப்பினருக்குப் படி கிடைக்கும். அதற்காக வில்ஹெல்மஸின் டிரைவர் அவ்வப்போது அக்கரையில் நின்று ஹாரன் அடிப்பான். "அண்ணன் அடுத்த வாரம் வர்றாருக்கா, தாளை மட்டும் முன்னாடியே முடிச்சுத் தரச் சொன்னாரு" என்பான். இவளும் முத்திரையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிப் போய்க் குத்திக் கொடுப்பாள். நம்ம அண்ணன்தானே! தேர்தலுக்கு முன் இவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து மூன்று குவளை காபி குடித்துவிட்டு, சுவரிலிருந்த சிலுவையைத் தொட்டு, "பாலம் என் பொறுப்பு தங்கச்சி" என்றவர். அதை நம்பி வீடு வீடாக ஏறி அவருக்கு ஓட்டுக் கேட்டவளும் இவள்தான்.

"இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் புதுப் பாலம் கேட்டு நீங்க கொடுத்த மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க," என்றார் சுதார்சோ.

மகதலேனா வாசலுக்குப் போய் வில்ஹெல்மஸைப் போனில் பிடித்தாள். "அண்ணே, தணிக்கை ஆபீசர் வந்து கேக்குறாரு. நீங்க ஒரு தடவைகூட வரலையே!"

"மெதுவாப் பேசு தங்கச்சி. வந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். இல்லேன்னா முதல்ல மாட்டுறது நீதான். முத்திரை குத்தினது யாரு, நானா?"

காபி கேட்ட அதே குழைவான குரல். படுபாவி! மழைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை முதுகில் சுமந்து ஆற்றைக் கடக்கும் ஊருக்கு இப்படியொரு துரோகமா? அதற்குத் தன் கையும் உடந்தையாகிவிட்டதே என்று அவளுக்கு உடம்பே கூசியது.

உள்ளே வந்தாள். "ஒரு நாளும் வரலை சார். முத்திரை குத்தினது நான். ரெண்டையும் எழுதிக்குங்க."

"வேலை போயிடும்மா. கேஸும் வரலாம். டவுனுக்கு வந்து எங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"இன்னைக்கே வர்றேன். தனியாப் போனா எங்க பள்ளம், எங்க பாறைன்னு உங்களுக்குத் தெரியாது சார்."

கரைக்கு வந்ததும் சுதார்சோ கோப்போடு தடுமாறினார். மகதலேனா அதை வாங்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நடு ஆற்றில் தண்ணீர் மார்பு வரை ஏறியது. ஒரு தாளைக்கூட அவள் நனையவிடவில்லை.