ஐரோப்பா முழுக்க ஒரே பெட்டி

கியுஸ்தெந்தில் ஊர்த் தோட்டத்துச் செர்ரியை ஏற்றிக்கொண்டு மியூனிக் சந்தைக்குக் கிளம்பும்போதே ரலிட்சாவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. முதலாளி ஸ்லாவ்சோ தன் கையாலேயே லாரியின் முன் கண்ணாடியில் புதிதாக ஒரு டோல் பெட்டியை ஒட்டிவிட்டு, தலைப்பிள்ளையைத் தூக்கிக் காட்டும் தகப்பன் மாதிரி பூரித்துப்போய் நின்றார்.

"இனிமே ஐரோப்பா முழுக்க இந்த ஒரே பெட்டிதான் ரலிட்சா. எந்த நாட்டு ரோடா இருந்தாலும் அதுவே பேசி, அதுவே காசு கட்டிடும்."

"அப்ப பழசையெல்லாம் பிச்சு எறிஞ்சிடலாமா முதலாளி?"

"ஐயய்யோ, அதைத் தொடாதே! எதுக்கும் இருக்கட்டும்."

கண்ணாடியில் ஏற்கெனவே நாட்டுக்கு ஒன்றாகப் பெட்டிகள் வரிசைகட்டி நின்றன. செர்பியாவுடையது ஹங்கேரியில் ஊமை. ஹங்கேரியுடையது ஆஸ்திரியாவில் செவிடு. ஜெர்மனிக்காரனுடையது தன் எல்லை வரும்வரை கண்ணே திறக்காது. பாகப்பிரிவினையில் முகம் முறித்துக்கொண்ட பங்காளிகள் போல, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இவற்றுக்கு நடுவே கிடைத்த சந்து வழியாகத்தான் ரலிட்சா சாலையைப் பார்த்து ஓட்டவேண்டும்.

அவளும் கணவன் பிளாமனும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். செர்பியா முழுக்கப் புதுப்பெட்டி தூங்கியது. ஹங்கேரியில் சாலைக்கு மேலே நின்ற, டோல் கணக்கெடுக்கும் முதல் இரும்பு வளைவைத் தாண்டியதும் புதுசும் கூவியது, பழசும் கூவியது. கொஞ்ச நேரத்தில் ஸ்லாவ்சோ போனில் கத்தினார்.

"ஒரே ரோட்டுக்கு ரெண்டு தடவை காசு போகுது! பழசோட வாயை அடைங்க!"

எப்படி அடைப்பது என்று அவர் சொல்லவில்லை. பிளாமன் வழியில் தின்னப் பனிட்சாப் பலகாரம் சுற்றி வைத்திருந்த அலுமினியத் தாளைக் கிழித்து, பழைய பெட்டி ஒவ்வொன்றையும் சிக்னல் போகாதபடி பொட்டலம் கட்டினான். வெண்ணெயும் பாலாடைக்கட்டித் துணுக்கும் கண்ணாடியில் வழிந்தன.

"யோவ், டோல் கட்டுற லாரியா இது, சமையல்கட்டா?" என்றாள் ரலிட்சா.

"சமையல்கட்டுன்னாலும் பரவாயில்லையே. வயிறாவது ரொம்பும்."

ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து வளைவைத் தாண்டினார்கள். புதுப்பெட்டி மூச்சே விடவில்லை. அடுத்த வளைவிலும் அப்படியே. ரலிட்சா லாரியை ஓரங்கட்ட இடம் தேடுவதற்குள் டோல் சோதனை வண்டி முந்திக்கொண்டு வந்து, பின்னால் வா என்று விளக்குப் போட்டது.

இறங்கி வந்த அதிகாரியின் சட்டையில் ஹோல்சிங்கர் என்று இருந்தது. நரைத்த மீசைக்காரர். படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தவர், வெள்ளிப் பொட்டலங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"பெட்டிக்குக் குளிருதோ? போர்த்தி வெச்சிருக்கீங்க!"

ரலிட்சாவுக்கு லாரிக்காரர்களின் ஜெர்மன் தெரியும். "டோலை ஏமாத்தணும்னு நெனைச்சா, கண்ணாடியில இப்படித் தோரணமா கட்டி ஊர்வலம் வருவோமா ஐயா? ரெட்டைக் காசு போகுதேன்னு மூடினோம். புதுசு ஒண்ணே போதும்னாங்க."

"அப்புறம் ஏன் உங்க லாரி எங்க வளைவுகிட்ட பேசவே இல்ல?"

"அதை வித்த மகராசனையே கேளுங்க."

புதுப்பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி அவர் பக்கம் நீட்டினாள். முதலில் ஒரு பியானோ ஒலித்தது. பிறகு உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு பதிவுக் குரல். பிறகு அதே பியானோ. பின்பெட்டியில் செர்ரி குளிரில் கிடந்தது, ரலிட்சா கொதித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓர் இளம்பெண் குரல் வந்தது.

"உங்க ஒப்பந்தத்துல ஆஸ்திரியா இன்னும் திறக்கலைங்க. அங்க நம்ம பெட்டி வேலை செய்யாது."

"ஐரோப்பா முழுக்கன்னு பெட்டி மேலயே போட்டிருக்கே!"

"அது பெட்டியோட பேருங்க."

ஹோல்சிங்கருக்கே பொறுக்கவில்லை. போனை வாங்கினார். "நான் ரோட்டுல நிக்கிற அதிகாரி பேசறேன். ஆஸ்திரியா எப்போ ஐரோப்பாவை விட்டுப் போச்சும்மா? எனக்கு யாரும் சொல்லலையே?"

அந்தப் பெண் அவருடைய வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டாள். அவர் போனைத் திருப்பித் தந்தார்.

அதன்பின் அவர் வம்பு பண்ணவில்லை. ஆஸ்திரியப் பெட்டியின் பொட்டலத்தை எதிரில் வைத்தே பிரிக்கச் சொன்னார். தாண்டிய வளைவுகளுக்கான டோலை அங்கேயே கட்டச் சொன்னார். பிளாமன் அட்டையைத் தேய்த்துக் கட்டினான். பிறகு ஹோல்சிங்கர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்தார். லாரிக்கு முன் நின்ற தன் கூட்டாளியின் தலை அவருக்குத் தெரியவில்லை.

"இதை வெச்சுக்கிட்டா இத்தனை தூரம் ஓட்டி வந்தீங்க?"

"ஓட்டினது நாங்கதான் ஐயா. ஒட்டினது உங்க நாடுங்கதான்."

இன்றைக்குத் தேவைப்படாததையெல்லாம் கழற்றினால்தான் வண்டி நகரலாம் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். பிளாமன் கழற்றினான். முதலில் கழன்றது புதுப்பெட்டி. அதை இருக்கைக்கு அடியில் இருந்த இழுப்பறையில், தன் அழுக்குக் காலுறைகளுக்கு நடுவே போட்டு மூடினான்.

கிளம்பினார்கள். அடுத்த வளைவு வந்தது. கண்ணாடியில் இருந்த ஆஸ்திரியப் பெட்டி ஒழுங்காகக் கூவியது. அதே நொடியில், இருக்கைக்கு அடியிலிருந்தும் கணீரென்று ஒரு கூவல்.

பிளாமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டுமே கட்டிடுச்சு! காலுறை வாடை பட்டுத்தான் முழிச்சிருக்கும்போல!"

ரலிட்சா சிரிக்கவில்லை. நேரே முதலாளிக்குப் போன் போட்டாள். ஆஸ்திரியாவில் வேலையே செய்யாது என்று கம்பெனி வாயாலேயே சொன்னதையும், இப்போது அது வேலை செய்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"பாத்தியா ரலிட்சா," என்றார் ஸ்லாவ்சோ, குரல் தழுதழுக்க. "நான் அப்பவே சொல்லல? அருமையான பெட்டி!"