கெலமங்கலம் ஏரிக்கு மேல் நிர்மலா

1

கெலமங்கலம் சாலையில் ஒரு டெம்போ போனது. அதில் முறிந்த விமான இறக்கை ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனின் முகம் பேயறைந்தது போலிருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானே கட்டியது.

‘ஹரீஷ்குமாருக்குச் சின்ன வயதிலிருந்தே வானத்தின் மீது ஒரு—’

(நிறுத்திவிட்டேன். விமானம் செய்கிறவன் என்றாலே இந்த வரிதான் வருகிறது.)

2

ஹரீஷ்குமாருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் வேலை. லீவு நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கிடப்பான். அலுமினியக் குழாயும் துணி இறக்கையுமாக ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய குட்டி விமானம் அங்கே வளர்ந்தது. இறக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தவள் அவன் மனைவி நிர்மலா. பறக்க அனுமதி கிடைக்கும்வரை தரையில் ஓட்டிப் பார்ப்பதோடு சரி என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஏரி வற்றிய கோடையில், ஒரு காலை, விமானத்தை அங்கே கொண்டுபோனார்கள். கூட வந்த அஜாஸ் அதே டூல்ரூம்காரன்.

எஞ்சினைக் கிளப்ப, முன்னால் நின்று காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். அப்போது உள்ளே ஒருவர் பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். அஜாஸ் வாலைப் பிடித்தான். நிர்மலா ஏறி உட்கார்ந்தாள். ஹரீஷ் காற்றாடியைச் சுற்றினான்.

3

மூன்றாம் சுற்றில் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹரீஷ் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தான். அஜாஸின் கையிலிருந்து வால் பிடுங்கிக்கொண்டது.*

எதிரே ஏரிக்கரை. மோதினால் மிச்சமில்லை. முன்னால் நிற்கும் கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்தால் மேலே போகும் என்று வீட்டில் ஓயாமல் கேட்டிருந்தவள், இழுத்தாள்.

சக்கரம் தரையை விட்டது.

* பிரேக்கைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நிர்மலாவைக் குறை சொல்லும் பத்தி ஒன்று இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். ஆக்சிலேட்டர் கைப்பிடியை முன்னால் தள்ளி வைத்துவிட்டு மறந்தவன் ஹரீஷ்.

4

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது.

முதலில் எழுதியது: ‘ஐயோ நிர்மலா என்று அலறியபடி அவன்—’

பொய். அவன் எழுந்து நின்றான். வாய் திறந்தே இருந்தது. வெயிலில் தன் விமானத்தின் வயிற்றை முதன்முதலாகக் கீழிருந்து பார்த்தான். அது கரையைத் தாண்டி, இடப்பக்கம் சாய்ந்து, திரும்பி அவன் தலைக்கு மேலேயே வந்தது. இரண்டு கைகளையும் உயரத் தூக்கினான்.

“பறக்குதுடா அஜாஸ்.”

அஜாஸ் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “உள்ள நிர்மலாக்கா இருக்காங்கப்பா.”

அப்போதுதான் அவனுக்கு நிர்மலாவின் நினைப்பு வந்தது. கைகளை இறக்கினான்.

(அந்த இரண்டு நினைப்பையும் இடம் மாற்றிப் பார்த்தேன். நல்ல கணவன் கிடைத்தான். கதை செத்துவிட்டது.)

5

மேலே எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. விமானம் தள்ளாடி இறங்கி, கரைக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. இருவரும் ஓடினார்கள். ஒரு இறக்கை முறிந்து கிடந்தது. நிர்மலா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே கோணியிருந்தது. அழவில்லை.

(அவள் இங்கே திட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். விமானத்துக்குத் தீ வைப்பதாகவும் எழுதினேன். இரண்டுக்கும் அவள் ஒத்துவரவில்லை.)

ஹரீஷ் அவளருகே மண்டியிட்டான். அவள் இடது கையால் அவன் தோளைப் பற்றினாள்.

“நல்லவேளை, கையத் தூக்கிக் காட்டுனீங்க. அதப் பாத்துத்தான் நிறுத்தச் சொல்றீங்கன்னு ஆக்சிலேட்டரப் பின்னால இழுத்தேன். எனக்கு ஒன்னுமே தோணல. அதுக்குத்தானங்க தூக்குனீங்க?”

அஜாஸ் ஹரீஷைப் பார்த்தான். பிறகு ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

‘ஆமாம் என்று ஹரீஷ்—’

‘ஹரீஷ் தலையைக் குனிந்து, இல்லை, நான்—’

இரண்டு வரியையும் அடிக்கவில்லை. அவள் இன்னும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னால் ஹரீஷின் வாயைத் திறக்க முடியவில்லை. நீங்கள் திறந்து பாருங்கள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே.