மேட்டின் பொருள்

குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வெளிநாட்டுப் பயணிகளை மேடேற்றிக்கொண்டிருந்தேன். லாட்ஜ் வாசலில் அண்ணன் புதுப் பலகையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த லாட்ஜ் ஒரு காலத்தில் எங்கள் வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "சும்மா ஒரு கையெழுத்தும்மா" என்று தலையைத் தடவி வாங்கிக்கொண்டான். அம்மா போன மறுவாரமே என் பெட்டி தெருவில் கிடந்தது.

நான் வழிகாட்டி வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு பயணி இந்தத் தெருப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டாள். நம் மொழியில் அது வெறும் மேடு. ஆனால் என் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது. "தங்கையைத் துரத்தியவனின் மேடு" என்று அவள் மொழியில் சொன்னேன். குறித்துக்கொண்டாள். அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பிறகு பதினொரு வருடம், ஒரு கூட்டத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. அது அவர்கள் ஊர்ப் புத்தகங்களில் ஏறியது. இன்னொரு மொழிக்காரர்கள் அதை மொழிபெயர்க்கும்போது தங்கையை இளவரசியாக்கி, அவள் விட்ட சாபத்தில் மேட்டுக் கிணறு வற்றியதாகவும் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஏன் மறுக்கப் போகிறேன்? கடைசியில் சுற்றுலா அலுவலகம் அந்தப் புத்தகங்களைப் பார்த்தே பலகை அடித்தது. நம் மொழியில் பெயர் மட்டும், கீழே அந்த இரண்டு மொழிகளில் பொருள். அதைத் தன் வாசலில்தான் நட வேண்டும் என்று நடையாய் நடந்தது என் அருமை அண்ணன்தான்.

என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறவன் இன்று போகவில்லை.

"இதைப் படிக்கிறவங்க எல்லாம் என்னையே ஒரு மாதிரி பார்க்குறாங்க. ஏதோ பெருமையா எழுதியிருக்காங்க போல."

"நான் படிச்சுச் சொல்லட்டுமா?"

"வேணாம். உன்கிட்ட போய் நிக்கக் கூடாதுன்னுதான் மூணு மாசமா இந்த பாஷை கிளாஸ் போறேன். நானே படிக்கிறேன். தப்பா இருந்தா மட்டும் சொல்லு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயருக்குக் கீழே இருந்த வரியின் முதல் எழுத்தில் விரலை வைத்தான். பயணிகள் நெருங்கி வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. குடை நிழல் பலகையில் விழாமல் நான் தள்ளி நின்றுகொண்டேன்.

எழுத்துக் கூட்டி முதல் சொல்லைச் சரியாகவே படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"இதுக்குத் தங்கைன்னுதானே அர்த்தம்?"

"ஆமாண்ணா" என்றேன், குடையை மடக்கிக்கொண்டே. "மேல படி."

விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.