கல்வி வள்ளலின் தலைமடை நிலம்

நில உச்சவரம்புச் சட்டத்தில் பதினைந்து ஏக்கர் என்று குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றே ஏழுமதகு கிராமத்து மிராசுதார் பஞ்சநாதன் நிலத்தைப் பிரித்து எழுத உட்கார்ந்தார். மனைவிக்கு எழுதினார், மருமகளுக்கு எழுதினார், குலதெய்வத்துக்கு எழுதினார். பம்பாயில் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத ஒன்றுவிட்ட தம்பிக்கும் எழுதினார். அப்படியும் வாய்க்கால் தலைமடையில் எட்டு ஏக்கர் மிஞ்சியது. ஊரிலேயே முதல் தண்ணீர் பாய்கிற மண். அதைச் சர்க்காருக்கு விட அவருக்கு மனசு வரவில்லை.

பண்ணைக் காரியக்காரர் இராஜாங்கம்தான் வழி சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கு எழுதி வச்சிடுங்க. நிர்வாகக் குழுத் தலைவரே நீங்கதானே? பள்ளிக்கூடம் என்ன, ஏர் கட்டி உழவா போவுது? நெல்லு எப்பவும்போல நம்ம பத்தாயத்துக்கு வந்துடும்."

அந்தக் குழு வருஷத்துக்கு ஒருமுறை மிராசுதார் வீட்டுக் கூடத்தில் கூடும். காபி வரும். வரவுசெலவு வாசிக்கப்படும் முன்பே ஏகமனதாக நிறைவேறிவிடும். உறுப்பினர்களில் விதிக்காகச் சேர்த்த இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் அவருக்கு உறவு. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியை விண்ணரசி, தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு கூட்டத்திலும் கூரை ஒழுகுகிறது என்பார். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதுவார்கள். இன்னொருவர் பெற்றோர் பிரதிநிதி ராஜம்மாள். வயல் வேலைக்காரர், செங்கொடிச் சங்கத்தில் இருப்பவர். அவருக்குக் கூட்டம் நடப்பதையே யாரும் சொல்வதில்லை.

பத்திரம் பதிவானது. எம்.எல்.ஏ. காதுக்கு எட்டியதும் விழா எடுத்தே தீரவேண்டும் என்றார். பள்ளி வாசலில் வாழைமரம், தோரணம், ஒலிபெருக்கி. "நிலம் தந்த நெஞ்சமே! நெல் தந்த வஞ்சமில்லா வள்ளலே!" என்று எம்.எல்.ஏ. அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் பொன்னாடை போர்த்தி, 'கல்வி வள்ளல்' என்று பட்டம் கொடுத்தார். எண்ணூறு பேர் கைதட்டினார்கள்.

பஞ்சநாதன் அதற்குமுன் கைதட்டல் வாங்கியதே இல்லை. கும்பிடு வாங்கியிருக்கிறார், அது வேறு. மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டார். யாரும் எழுதிக்கொடுக்காத ஒன்றைச் சொன்னார்:

"இனிமே தலைமடையில வெளையற ஒவ்வொரு நெல்மணியும் இந்தப் புள்ளைங்களுக்குத்தான்!"

இராஜாங்கம் மேடைக்குக் கீழே நெற்றியில் அறைந்துகொண்டார். கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது.

மறுவாரமே காரின் முன்கண்ணாடியில் 'கல்வி வள்ளல்' என்று எழுதியாயிற்று. மன்னார்குடிக் கல்யாணங்களில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. கண்ணாடி முன் நிற்கும்போது தன் முகத்தில் ஏதோ ஒரு கருணை கூடியிருப்பதாக அவருக்கே தோன்றியது.

தை பிறந்தது. கூலித் தகராறில் அந்த வருஷம் ஊர் ஆட்கள் ஒருவரும் மிராசுதார் வயலில் இறங்கவில்லை. வரப்பெல்லாம் செங்கொடி. அறுப்புக்கு வெளியூர் ஆள் தேடிப் போன இராஜாங்கம் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார்.

"தலைமடையில ஆளு எறங்கிட்டாங்க! டீச்சரம்மாவும் நிக்கிறாங்க!"

பஞ்சநாதன் காரில் பறந்தார். முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ராஜம்மாள்.

"எவளைக் கேட்டு என் வயல்ல கால வச்சே?"

ராஜம்மாள் நிமிர்ந்தார். "உங்க வயலா இருந்தா வச்சிருக்க மாட்டோங்க. பள்ளிக்கூடத்து வயலுன்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க? எம் புள்ள அங்கதான் படிக்கிது."

அவர் வாய் திறப்பதற்குள் விண்ணரசி குடையோடு வந்து கும்பிட்டார். "வாங்கய்யா, உங்களுக்குத்தான் ஆள் அனுப்பினோம். முதல் அரி நீங்க அறுத்திருக்கணும். பரவாயில்ல, இப்ப அறுங்க. தாலுகா ஆபீசுலேருந்து நிலத்தைப் பார்வையிட சார் வந்திருக்காரு."

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வருவாய் ஆய்வாளர் எழுந்து வந்தார். "என் வயல்னு ஏதோ காதுல விழுந்துச்சே, ஐயா?"

பஞ்சநாதனுக்கு வேர்த்தது. என் வயல் என்றால் எட்டு ஏக்கரும் உபரியாகிச் சர்க்காருக்குப் போகும். அதோடு நில்லாமல், குலதெய்வத்திலிருந்து பம்பாய்த் தம்பி வரைக்கும் கிளறுவார்கள்.

"எம் புள்ளைங்க வயல்னு சொன்னேன்," என்றார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் எம் புள்ளைங்கதானே?"

ராஜம்மாள் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு அரிவாளை நீட்டினார். மிராசுதார் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்து, "கை பத்திரம்ங்க" என்றார். வாழ்நாளில் முதன்முறையாகப் பஞ்சநாதன் வயலில் இறங்கி நாலு தாள் அறுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். கோபம் எரிகிற அந்த நேரத்திலும், குலவை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருஷக் குழுக் கூட்டம் பள்ளியிலேயே நடந்தது. ஒழுகுகிற வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில். காபி இல்லை. நெல் விற்ற பணத்தில் கூரைக்கு ஓடு, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை என்று விண்ணரசி படித்தார். மிராசுதாரின் மைத்துனர், முதலில் வாசலில் வள்ளலுக்கு ஒரு மார்பளவுச் சிலை வைக்கலாமே என்று எழுந்தார். சிலைக்குக் கழிப்பறையைத் தள்ளிவைக்கலாமா என்று ராஜம்மாள் கேட்டார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவருக்குச் சிலையின் மேல் ஆசைதான். ஆனால் கழிப்பறையை நிறுத்திச் சிலை வைத்த வள்ளல் என்று சங்கத்துக்காரர்கள் மேடைபோட்டுப் பேசுவார்களே என்று நினைத்துப் பார்த்தார். கழிப்பறை நிறைவேறியது.

வைகாசியில் ஓடு வேய்ந்தபோது குறை கண்டுபிடிக்கவே அவர் தினமும் போனார். கொத்தனார் ஓர் ஓட்டைச் சாய்த்து வைத்துவிட்டதற்காக, தன் வீட்டு வேலையில்கூடப் போடாத சத்தம் போட்டார். "வர்ற ஐப்பசியில புள்ளைங்க தலையில ஒழுகினா என்னையில்ல கேப்பாங்க!"

அன்று திரும்பும் வழியில் இராஜாங்கம் மெதுவாகப் பேச்செடுத்தார். தஞ்சாவூரில் கெட்டிக்கார வக்கீல் ஒருவர் இருக்கிறாராம். பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்து, உச்சவரம்பிலும் சிக்காமல் நிலத்தை மீட்டுவிடலாமாம்.

பஞ்சநாதன் காரை நிறுத்தச் சொன்னார். தலைமடை வரப்பைப் பார்த்தார்.

"நிலம் திரும்பி வரும்யா. பட்டத்த எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"