இருபத்தொன்பதாம் இரவு

ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து நாள்களில் ஒற்றைப்படை இரவு ஒன்றில்தான் லைலத்துல் கத்ர் மறைந்திருக்கிறது; அந்த ஓர் இரவின் வணக்கம் ஆயிரம் மாதங்களைவிட மேலானது. எங்கள் செல்லூர்ச் சந்தில் பெரும்பாலோர் இருபத்தேழாம் இரவு முழுவதும் கண்விழித்துவிட்டு, அத்துடன் ஓய்ந்துவிடுவார்கள். இருபத்தொன்பதாம் இரவை நினைவில் வைத்திருந்தவர்கள், எங்கள் வீட்டில், நானும் என் கொழுந்தனாரின் மனைவி பல்கீஸும் மட்டுமே.

பல்கீஸ் மணமாகி வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. இப்போது அவளுக்கு மூன்று மாதம். எனக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

"சின்னவ தஹஜ்ஜுத் தொழுது கேட்டா, கேட்டது கெடச்சிருச்சு" என்று மாமியார் வருவோரிடமெல்லாம் சொல்வார். பின்னிரவில் எழுந்து அந்தத் தொழுகையை நானும்தான் தொழுதிருக்கிறேன். அதை அவர் அறியமாட்டார்.

அன்று படுக்கப் போகும்போது பல்கீஸ் சொன்னாள்: "அக்கா, இப்பல்லாம் அலாரம் அடிச்சாலும் எனக்கு முழிப்பு வரமாட்டேங்குது. மூணு மணிக்குக் கதவத் தட்டிருங்க."

"சரிம்மா" என்றேன்.

மூன்று மணிக்கு எழுந்தேன். முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு அவள் அறைக் கதவருகே சென்றேன். தட்டுவதற்குக் கை எழவில்லை. இந்த ஓர் இரவு எனக்கு மட்டுமாக இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. திரும்பி வந்து, தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்துத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன்.

எத்தனை ரக்அத் தொழுதேன் என்ற கணக்கே இருமுறை பிசகியது. சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபடியே, அவள் அறைத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் வருகிறதா என்றுதான் கவனித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வேண்டும் என்று கேட்க வந்தவள், பல்கீஸ் விழித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதை உணர்ந்தபோது உடல் கூசிவிட்டது. தொழுகையை முடித்து, எழுந்து சென்று அவள் கதவைத் தட்டினேன்.

"மணி எம்புட்டுக்கா?"

"நாலாகப் போகுது."

"நீங்களும் அசந்துட்டீங்களாக்கும்."

ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும்.

"இல்ல. நான் மூணுக்கே எந்திரிச்சிட்டேன். ஒன்னைய வேணும்னேதான் எழுப்பல."

பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அம்புட்டு துஆவையும் நீங்களே கேட்டு முடிச்சிட்டீங்களா, எனக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுகூடக் கேக்கல."

"அப்ப தள்ளிப் போடுங்க முசல்லாவ. சஹர் சோறாக்க மாமி எந்திரிக்க இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கு. ஒளுச் செஞ்சிட்டு வாரேன்."

வயிற்றில் ஒரு கையை வைத்தபடி அவள் என்னைக் கடந்து போனாள். அப்போதும் என் பார்வை அவள் வயிற்றின் மீதே சென்றது. முசல்லாவைச் சற்றுத் தள்ளிப் போட்டு, பக்கத்தில் அவளுடையதையும் விரித்தேன்.