மருமகள் எண்ணெய்

தோள்பட்டையில் தொடங்குகிற வலி மத்தியானத்துக்குள் மணிக்கட்டுக்கு இறங்கிவிடும். அப்புறம் உலக்கை கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பன்னிரண்டு வருஷம் இடித்தேன். வேரோ பட்டையோ சுக்கோ, அப்பா எதைக் கொட்டினாலும் இடித்தேன். உள்ளங்கை மாட்டுக் குளம்பு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா பெயர் கிரகரி. மலாய் நாட்டில் மலைமேல், ரிங்லட் கடைவரிசையில் இருந்த கிரகரி ஆயுர்வேத வைத்தியசாலை அவருடையது. முன்னால் கடை, பின்னால் அடுப்படி, பக்கத்தில் எஸ்டேட் நோயாளிகள் படுக்க நாலு பாய் போட்ட கொட்டகை. வெளியாள் யாரும் கிடையாது. அப்பா நாடி பார்ப்பார், நான் இடிப்பேன், என் பெண்சாதி பவுலின் போத்தல் கழுவுவாள். ஜப்பான்காரன் வந்த வருஷம் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எண்ணெய்க்குப் பதம் பார்க்கிற வேலையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும்.

எண்ணெய் காயும்போது அடியில் மூலிகைக் கசடு தங்கும். அதைக் கரண்டியில் எடுத்து இரண்டு விரலால் உருட்டவேண்டும். மெழுகு போலத் திரண்டால் இறக்கலாம். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் கெட்டுப்போகும். சந்தேகமிருந்தால் கசடை நெருப்பில் காட்டலாம், ஈரக் கசடு படபடவென்று வெடிக்கும்.

அப்பா என் விரல்நுனியைத் தடவிப் பார்த்தார். "இது கட்டைடா மைக்கலு" என்றார். பிறகு பவுலினைக் கூப்பிட்டார்.

மூன்றே தடவையில் பிடித்துக்கொண்டாள். நெருப்பில் காட்டவே மாட்டாள். உருட்டுவாள், "இறக்குங்க" என்பாள். நான் அண்டாவை இறக்குவேன். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் அதற்கு மருமகள் எண்ணெய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"தங்கச்சி பதம் பாத்ததா? அப்ப ரெண்டு போத்தலாக் குடு" என்பான் தேயிலை லயத்து முனியாண்டி.

"இடிச்சது யாராம்?"

"இடிக்க மாடு போதும்லா."

சிரித்துவைத்தேன். அன்றைக்குப் பவுலின் எனக்கென்று மரவள்ளிக்கிழங்கில் பெரிய துண்டாக எடுத்து வைத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்தான். மலைக் குளிரில் அவன் ஆட்களுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதாம். பன்னிரண்டு போத்தல் கேட்டான், இரண்டு மூட்டை அரிசி தருவதாகச் சொன்னான். நாங்கள் அரிசி பார்த்து நாலு மாதம். அப்பா பவுலினைக் காட்டி, மலாயில் "மெனந்து, மெனந்து" என்று பெருமையடித்தார். மருமகள், மருமகள். மகன் நான் பக்கத்திலேயே மூலிகை மூட்டையோடு நின்றேன். அதிகாரி என்னைப் பார்க்கவேயில்லை.

அந்த எண்ணெய் காய்ச்சிய அன்று அப்பா காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். அண்டா கொதி அடங்கிவரும் நேரம். லயத்துக்குக் கஷாயம் கொண்டுபோகிறது என் வேலை. தூக்குச்சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"பதம் வர்ற நேரங்க."

"எனக்குத் தெரியாதா? போ."

போனாள். நான் கரண்டியை எடுத்து உருட்டினேன். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். அடுப்பு நெருப்பு முழங்கால் பக்கத்தில்தான் எரிந்தது. அவள் நெருப்பில் காட்டமாட்டாள், நான் ஏன் காட்டவேண்டும்? இறக்கி வடிகட்டி, போத்தலிலும் ஊற்றிவிட்டேன்.

திரும்பி வந்தவள் போத்தல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நெருப்புல காட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

மறுநாள் அதிகாரியின் ஆட்கள் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போத்தல்களைக் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் அதிகாரியே வந்தான். ஒரு போத்தலைக் கடைத் தரையில் கவிழ்த்தான். பூசணம் பிடித்து, புளித்த நாற்றம். "மெனந்து மானா?" என்று கேட்டான். மருமகள் எங்கே. என்னைக் கேட்கவில்லை. பவுலினே முன்னால் வந்து நின்றாள். நாலு அறை. மூன்றாவதில் இடது காதில் ரத்தம் வந்தது. நாலாவதுக்கு முன்னால் என்னைப் பார்த்தாள். நான் உரலைப் பார்த்தேன். அரிசி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அப்பா அவளைத் திட்டவில்லை. "இனிமே அடுப்பண்டை போவாத தாயி" என்றார். "மைக்கலு, நீ பாரு."

இரண்டு வருஷமாக வயிறெரிந்து ஏங்கியது கைக்கு வந்துவிட்டது.

அடுத்த அண்டாவில் கசடை எடுத்தேன். உருட்டினேன். ஒன்றுமில்லை. நெருப்பில் காட்டலாம் என்றால் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார், வெடிக்கிற சத்தம் கேட்டால் என் விரல் இன்னும் கட்டைதான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பவுலின் முதுகைக் காட்டிப் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் எரியட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "ம், இறக்குங்க."

தொடவில்லை, பார்க்கவில்லை. கொதி அடங்குகிற சத்தத்தை வைத்தே சொன்னாள். அதுவும் கேட்கிற ஒரே காதை வைத்து. எனக்கு நன்றி வரவில்லை. வயிறுதான் இன்னும் எரிந்தது.

ஜப்பான்காரன் போகிறவரைக்கும் அப்படியே நடந்தது. "மைக்கல் கை தேறிடுச்சு" என்றான் முனியாண்டி. அவன் முன்னால் தலையாட்டினேன். சண்டை முடிந்த வருஷம் அப்பா செத்தார். பதம் கெடுத்தது மருமகள்தான் என்று நம்பியே செத்தார்.

பவுலினுக்கு நான் ஒன்று தரவேண்டும். அந்த எண்ணெயை இறக்கினவன் நான்தான் என்று கடைக்கு முன்னால் நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.