ஜன்னலோரத்தில் ஒரு மணல் மூட்டை

என் கணவரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நிமிஷம்" என்றால்தான் தெரியும். எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை. இருபத்தெட்டு வருடமாக அதே நாற்காலி. வீட்டிலும் அப்படித்தான். குளியல் ஏழு நிமிடம். என்னோடு சண்டை போட்டால்கூட டிப்போவுக்குக் கிளம்புகிற நேரத்துக்குள் முடித்துவிடுவார். மிச்சத்தை நான் சுவரோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் நூல் கடையில் வேலை பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லும்போதே வயிறு எரிகிறது. தையல்காரர்கள் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நிறத்துக்கு ஒத்த நூல்கண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். நீலத்தில் மட்டும் நாற்பத்தாறு வகை இருந்தது. டப்பாவின் மேல் இருக்கிற எண்ணைப் பார்க்கவே மாட்டேன். துணியை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்தால் போதும், கை தானாகப் போகும். ஒரு நாள் கத்தரிப்பூ நிறத் துணிக்குப் பழுப்பு நூலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். "என்னக்கா, தூக்கக் கலக்கமா?" என்று தையல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அதே தப்பு இரண்டு தடவை நடந்தது.

கண் டாக்டர் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நடுப் பார்வை போயிட்டிருக்கும்மா. போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்ல. இன்னும் நாலஞ்சு மாசம் ஓரளவு நல்லாவே தெரியும். பாக்கணும்னு ஆசைப்பட்டது ஏதாவது இருந்தா தள்ளிப் போடாம பாத்துடுங்க."

பக்கத்தில் இருந்த என் மனுஷர் கேட்டார்: "நாலா, அஞ்சா?"

வெளியே வந்ததும் அவரிடம் என் ஆசையைச் சொன்னேன். கடல் எனக்குப் புதிதில்லை. ஊர்க் கடற்கரையில் மணலும் கூட்டமும் பார்த்திருக்கிறேன். நான் பார்க்க நினைத்தது வேறு. வடக்கே பாறையைக் குடைந்து போட்ட கடற்கரைச் சாலை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நேராகக் கீழே கடல். எங்கள் கடைக்கு வருகிற லாரிக்காரர் மனைவி ஒருத்தி சொல்வாள்: "அங்க ஒவ்வொரு வளைவுலயும் தண்ணி நிறம் மாறும்க்கா. உங்க கடையில அதுக்கு நூலே கிடையாது." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ரோஷம். போய்ப் பார்த்து, எந்த டப்பா என்று சொல்லிவிட வேண்டும்.

"போலாம்," என்றார் உடனே. "கண்டிப்பா போலாம். நான் பிளான் போட்டுடறேன்."

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரிந்தது. ஒரு மாதம் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர், பதினான்கு நிறுத்தம். பனி எப்போது விலகும், எந்த வளைவில் வெயில் கண்ணில் அடிக்காது என்று ஒவ்வொன்றையும் டிப்போ படிவத்திலேயே கட்டம் கட்டி எழுதினார். கடல் என் பக்கத்து ஜன்னலில் வர வேண்டும் என்பதற்காகப் பயணத்தையே வடகோடியில் ஆரம்பித்துத் தெற்கே இறங்குகிற மாதிரி திருப்பிப் போட்டார். பொய் சொல்லக் கூடாது, அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். உனக்கு என்ன பார்க்க வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேனாவை மூடி வைத்தார். "எல்லாம் ரெடி. அடுத்த வாரம் ட்ரையல் ஓட்டிட்டு வந்துடறேன்."

"என்ன ட்ரையல்?"

"புது ரூட்ல ட்ரையல் ஓட்டாம ஆளை ஏத்தறது இல்லம்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். புது வழித்தடம் என்றால் முதலில் காலி பஸ்ஸை ஒரு தடவை ஓட்டி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் குறித்துக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள் என்று ட்ரையல் இல்லாமல் ஒரு மலை வழிக்குப் பஸ்ஸை அனுப்பினார் இவர். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பவில்லை. குழந்தை குட்டியோடு நாற்பது பேர் பொழுது சாயும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மெமோ வந்தது. அன்றைக்குப் பிடித்த பிடி.

"அப்ப நானும் வரேன். அதுவே பயணமா இருந்துட்டுப் போகட்டுமே," என்றேன்.

"ட்ரையல்ல பயணி வரக்கூடாது. வழியில எங்கயாவது மாட்டிக்கிட்டா? நீ ஒரே ஒரு தடவை பாக்கப் போற. அதுல ஒரு குறையும் வரக்கூடாது எனக்கு."

இப்படிச் சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது? லீவில் பாதி, ஐந்து நாள், இப்போது. மீதி ஐந்து நாள் அடுத்த மாதம். அது அவர் கணக்கு.

வெளியூரில் இருக்கிற மகள் போனில் கத்தினாள். "ஏம்மா, நீ பாட்டுக்குக் கார்ல ஏறி உக்கார வேண்டியதுதானே? உன்னை இறக்கியா விட்டுடுவாரு?"

"உங்க அப்பா என்னிக்குடி தப்பா போட்டிருக்காரு?" என்றேன். அவருக்காக நான்தான் வக்காலத்து வாங்கினேன். அதை மறைத்துவிட்டு அவர்மேல் மட்டும் பழி போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் என்னை எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். "அறுபத்திரண்டா? போன வருஷம் அறுபதுதானே?" என்றார். எதற்கு என்று காலையில்தான் தெரிந்தது. டிப்போவில் ட்ரையல் பஸ்ஸுக்கு ஆட்களின் எடைக்குச் சமமாக மணல் மூட்டை ஏற்றுவார்கள். அப்போதுதான் மேட்டில் வண்டி எவ்வளவு திணறும் என்று சரியாகத் தெரியும். எங்கள் காரில், என் சீட்டில், அறுபத்திரண்டு கிலோ மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. பெல்ட் வேறு போட்டுவிட்டிருந்தார். நான் வாசலில் நின்று சிரித்தேன். தெருவே பார்க்கிற மாதிரி கையசைத்து, "பத்திரமா கூட்டிட்டுப் போங்க அவளை," என்றேன். அன்றைக்கு அது தமாஷாகத்தான் இருந்தது.

தினமும் சாயங்காலம் போன் செய்தார். "மூணாவது நிறுத்தத்துக்கு ஆறு நிமிஷம் பத்தாது, எட்டு ஆக்கிட்டேன்." "ஒன்பதாவதுல காத்து ஜாஸ்தி, ஸ்வெட்டர் எழுதிக்கோ." நானும் எழுதிக்கொண்டேன். எழுத்தின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சாம்பல் திட்டு ஒன்று கூடவே ஊர்ந்து வந்தது.

ஆறாம் நாள் வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது, செருப்பில் உப்புப் பூத்திருந்தது. நாலு பக்கத்துக்குக் குறிப்பு. அவ்வளவு திருப்தியாக அவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், எல்லா வழித்தடத்துக்கும் அட்டவணை மாற்ற வேண்டும். "இப்பத்தானே அஞ்சு நாள் ஊர் சுத்திட்டு வந்தீங்க?" என்று மேனேஜர் கேட்டாராம். இவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. "லீவு சொல்லாம போயிடலாம், வாங்க," என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை என்றார். அதற்கு அடுத்த மாதம் அவருக்குக் கீழே இருந்தவர் வேலையை விட்டுப் போனார். "அடுத்த மாசம் கட்டாயம்," என்றார். கண்ணில் பொத்தான் அளவு இருந்த திட்டு தட்டு அளவாக ஆனது. கடை முதலாளி நல்ல மனுஷர். "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க," என்று பதமாகத்தான் அனுப்பி வைத்தார். நாற்பத்தாறு நீலமும் ஒரே சாம்பலில் போய்ச் சேர்ந்தன. ஓரங்களில் மட்டும் வெளிச்சம் மிஞ்சியது.

மூன்றாம் மாதம் லீவு கிடைத்தது. வேண்டாம் என்றேன். "போட்ட பிளான் வீணாப் போகக் கூடாதும்மா," என்றார். குரல் உடைந்திருந்தது. நான் இரக்கப்பட்டுப் போகவில்லை. என்ன செய்துவிட்டார் என்பதை அந்த இடத்தில் நிறுத்தி அவருக்குக் காட்ட வேண்டும் என்று போனேன்.

ஆறு நிறுத்தம் பேசாமலே கடந்தோம். ஏழாவது இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். கீழே எங்கேயோ ஆழத்தில் கடல் மோதுகிற சத்தம்; முகத்தில் ஈரக் காற்று. "பதினொண்ணு இருபது. கரெக்டா வந்துட்டோம். இங்க எட்டு நிமிஷம்," என்றார்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

"என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

யோசித்தார். "பாறை ஒண்ணு இருக்கு. ரெண்டு பஸ் உயரம் இருக்கும். அலை பன்னெண்டு செகண்டுக்கு ஒண்ணு வருது."

"தண்ணி என்ன நிறம்?"

"நீலம்."

"எந்த நீலம்?"

"நீலம்னா நீலம்தாம்மா."

"போன தடவை வந்தப்ப பாத்தீங்களே, அப்ப எப்படி இருந்துச்சு?"

"அப்ப எங்க பாத்தேன்? வாட்சையும் பேப்பரையும்தான் பாத்துட்டிருந்தேன். நிமிரவே இல்ல."

மூன்று மாதமாக நான் எரிந்ததெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: எனக்குக் கிடைக்க வேண்டியதை இவர் பார்த்துவிட்டு வந்துவிட்டார் என்று. திருடியிருந்தாலாவது திட்டியிருக்கலாம். இங்கேயே நின்று, இதைப் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அவர் எழுந்து கம்பி வேலி அருகே போனார். அங்கிருந்து வந்த குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"அங்க பாறை இடுக்குல தண்ணி உள்ள போயி, வெளிய வரும்போது வேற மாதிரி ஆகுதும்மா. பச்சையா... இல்ல, பச்சை இல்ல. வெயில் பட்டா இன்னொண்ணு ஆகுது. அய்யோ, எனக்குச் சொல்லத் தெரியலையே!"

இத்தனை வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியதில் வாட்ச் இல்லாமலே நிமிடம் எண்ண எனக்கும் வந்துவிட்டது. எட்டு நிமிடம் ஆகி, அதற்கு மேலும் ஆனது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்றார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

அவருக்குப் பார்க்க ஆசை வந்துவிட்டது. என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"எட்டு நிமிஷம் ஆச்சு. கிளம்புங்க," என்று எழுந்து நின்றேன்.

வந்து என் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.